ஒற்றைக்குடை இறந்த வருடம்

அண்ணி: ஆள் செத்துட்டாரா இல்லையா, அதை மட்டும் சொல்லு.

எலி: செத்துட்டாரு அண்ணி. அதெல்லாம் எப்பவோ செத்துட்டாரு.

அண்ணி: எப்பவோன்னா எப்ப?

எலி: ரொம்ப நாளாச்சு...

அண்ணி: ‘ரொம்ப நாளைக்கு முன்னாடி செத்துட்டார்’னு புத்தகத்துல போட முடியுமா? வருஷம் வேணும். எழுதினவர் செத்து, சட்டம் சொல்ற கெடு தாண்டியிருந்தாத்தான் கதையை நாம தொடலாம். இதை நான் உனக்குச் சொல்லித் தரணுமா? நம்ம பதிப்பகத்துக்குப் பழசையெல்லாம் தோண்டிக் கொண்டு வர்றவளே நீதான்.

எலி: தெரியும் அண்ணி. அதுக்கு ஏன் கத்துறீங்க?

அண்ணி: நான் எங்க கத்துறேன்? முதல்ல நீ உக்காரு. ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடையா நடந்தா எனக்குத் தலையைச் சுத்துது.

எலி: உக்காந்தா எனக்கு யோசனை வராது.

அண்ணி: செத்த வருஷம் கண்டுபிடிக்கிற விஷயம்டி. யோசிக்கிற விஷயமா? மத்த கதைக்கெல்லாம் வந்துடுச்சு. ஒருத்தருக்குக் கல்லறையில பார்த்து எழுதிட்டு வந்தே. ஒருத்தருக்கு அவர் மருமக போன்ல சொன்னாங்க. இந்த ஒற்றைக்குடைக்கு மட்டும்தான் இடம் காலியா நிக்குது. பேரைப் பாரு, ஒற்றைக்குடையாம்!

எலி: புனைபேர்னா அப்படித்தான் இருக்கும். அந்தக் காலத்துல எல்லாரும் வெச்சுக்கிட்டாங்க.

அண்ணி: குடைக்குக் கீழ இருந்த ஆளோட நிஜப் பேரு?

எலி: அது... தெரியலை.

அண்ணி: பேரு தெரியாது. ஆனா செத்தது தெரியும்.

எலி: அண்ணி, கோர்ட்டுல நிக்க வெச்சுக் கேக்குற மாதிரி கேக்காதீங்க.

அண்ணி: இப்ப நான் கேக்கலைன்னா அப்புறம் கோர்ட்டுலதான் கேப்பாங்க. மறந்துட்டியா? போன தடவை ஒருத்தர் செத்துட்டார்னு நம்பிக் கதையைப் போட்டோம். மனுஷன் கையில தடியை ஊணிக்கிட்டு இதே படியேறி வந்து, ‘நான் செத்தது எனக்கே தெரியாதேம்மா’ன்னு நின்னார்.

எலி: அவர் நல்ல மனுஷர். சிரிச்சுட்டுப் போயிட்டார்.

அண்ணி: சிரிச்சார். எனக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கலை. அப்புறம் அந்தப் படம் போட்டவர் விஷயம். கதை எழுதினவர் சின்ன வயசுலயே போயிட்டார். படம் போட்டவர் கிழவனாகிற வரைக்கும் இருந்து நம்ம உயிரை எடுத்தார். கதைக்கு உரிமை வேற, படத்துக்கு வேற, முன்னுரைக்கு வேறன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு.

எலி: இதுல அந்தத் தொல்லையே இல்ல. படம் கிடையாது. முன்னுரை கிடையாது. மொழிபெயர்ப்பும் இல்ல. சுத்தம்.

அண்ணி: ம்... ரொம்பத்தான் சுத்தம்.

எலி: அப்படின்னா?

அண்ணி: ஒண்ணுமில்ல. போன் அடிக்குது பாரு. ஸ்பீக்கர்ல போடு, எனக்குக் கையெல்லாம் பசை.

எலி: அச்சகம்.

அண்ணி: போடு, போடு. சொல்லுங்கண்ணே.

அச்சகத்துக்காரர்: நான் என்னம்மா சொல்றது, நீங்கதான் சொல்லணும். கடைசி எட்டுப் பக்கத்துக்கு நீங்க இன்னும் சரி சொல்லலை. மெஷின் சும்மா நிக்குது. ஆளுங்க மெஷினைச் சுத்தி உக்காந்து கதை பேசிட்டிருக்காங்க.

அண்ணி: ஒரு வருஷம் மட்டும் சேர்க்கணும்ணே. அரை மணி நேரம்.

அச்சகத்துக்காரர்: காலையிலயும் அரை மணின்னுதான் சொன்னீங்க. கல்யாணப் பத்திரிகைக்காரன் வந்து வாசல்ல நிக்கிறான்மா. அவனை ஏத்திட்டா உங்க புத்தகம் அடுத்த வாரம்தான்.

அண்ணி: ஏத்திடாதீங்க. இதோ முடிச்சுடறேன்.

அச்சகத்துக்காரர்: பார்த்துப் பண்ணுங்க.

அண்ணி: கேட்டியா?

எலி: கேட்டேன்.

அண்ணி: அப்ப ஒண்ணு பண்ணலாம். கதையைத் தூக்கிடலாம்.

எலி: எந்தக் கதையை?

அண்ணி: ‘பாலத்துக்காரி’யைத்தான். வேற எதுக்கு வருஷம் இல்ல?

எலி: அண்ணி! அதை எடுத்தா அந்தப் புத்தகத்துல என்ன இருக்கு?

அண்ணி: ஏன்? பெரிய பெரிய ஆளுங்க கதையெல்லாம் இருக்கே.

எலி: பெரிய ஆளுங்கதான். அதுல பாதி, பெரிய ஆளுங்க தூங்கி வழிஞ்சுக்கிட்டே எழுதினது. நீங்களே சொன்னீங்க. ‘பாலத்துக்காரி’யை ஒரே மூச்சுல படிச்சுட்டு, இதைத்தான் கடைசியா வெக்கணும், மூடி வெச்ச பிறகும் மனசுல நிக்கணும்னு சொன்னது யாரு?

அண்ணி: நான்தான். நல்ல கதை. இல்லைங்கலை. ஆனா அப்பன் பேர் தெரியாத குழந்தையை நான் எப்படிப் பள்ளிக்கூடத்துல சேர்க்கிறது?

எலி: அப்ப ‘எழுதியவர் தெரியவில்லை’ன்னு போட்டுடலாமே? அதுக்குச் சட்டம் வேற. கதை அச்சுல வந்த வருஷத்துலேருந்துதான் கணக்கு.

அண்ணி: நல்லா ஞாபகம் வெச்சிருக்க. சரி, எந்த வருஷம் வந்துச்சு?

எலி: அது வந்த பத்திரிகைக்கு... அட்டை கிழிஞ்சு போயிருந்துச்சு.

அண்ணி: பத்திரிகை பேரு?

எலி: அட்டையிலதானே பேர் இருக்கும்?

அண்ணி: உள்பக்கத்துல ஒரு மூலையிலகூடவா இல்ல? விளம்பரத்துல? ‘சந்தா அனுப்புங்கள்’னு கெஞ்சியிருப்பாங்களே, அங்க?

எலி: நடுவுல சில தாளுங்கதான் இருந்துச்சு.

அண்ணி: போட்டோ எடுத்தியா?

எலி: லைப்ரரியில விடலை. கையால எழுதிக்கிட்டேன்.

அண்ணி: மத்ததுக்கெல்லாம் விட்டாங்களே?

எலி: அன்னிக்கு அங்க வேற ஆள் இருந்தார். சிடுமூஞ்சி. அண்ணி, நேரம் போயிட்டிருக்கு. கல்யாணப் பத்திரிகைக்காரன் நிக்கிறான்னு சொல்றாரே...

அண்ணி: நிக்கட்டும். கல்யாணம் பண்ணப் போறவனுக்குக் காத்திருந்து பழகணும். எலி, நான் ஒண்ணு சொல்லணும். சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்.

எலி: என்ன?

அண்ணி: நீ அவர் செத்த வருஷத்தைச் சொல்லியிருந்தா நான் வாயைத் திறந்தே இருக்க மாட்டேன்.

எலி: அட, சொல்லுங்க அண்ணி!

அண்ணி: காலையில ஒருத்தர் வந்தார். நீ வர்றதுக்கு முன்னாடி.

எலி: யாரு?

அண்ணி: ஒற்றைக்குடையோட பேரன். என்ன, நடையை நிறுத்திட்ட?

எலி: பேரனா?

அண்ணி: மகன் வயித்துப் பேரனாம். நாப்பது வயசு இருக்கும். சட்டையில நாலு பேனா. புத்தகம் வரப்போகுதுன்னு நாம அறிவிப்புப் போட்டோமே, அதுல பேரைப் பார்த்துட்டு நேரா வந்துட்டார்.

எலி: இருக்காது.

அண்ணி: ஏன் இருக்காது?

எலி: அவருக்குத்தான் கல்யாணமே ஆகலையே!

அண்ணி: யாருக்கு?

எலி: ஒற்றைக்குடைக்கு.

அண்ணி: ஓஹோ. நிஜப் பேரு தெரியாது, எந்தப் பத்திரிகைன்னு தெரியாது. கல்யாணம் ஆகாதது மட்டும் உனக்கு எப்படித் தெரியும்?

எலி: அது... கதையைப் படிச்சா தெரியலையா? கல்யாணம் ஆன ஆள் எழுதின மாதிரியா இருக்கு?

அண்ணி: கல்யாணம் ஆன ஆள் எழுதினா எப்படி இருக்கும்? நடுவுல காய்கறிக் கணக்கு வருமா?

எலி: கிண்டல் பண்ணாதீங்க. அந்த ஆள் புளுகுறார். நிச்சயமா புளுகுறார்.

அண்ணி: எனக்கு அப்படித் தெரியலை. தாத்தா கையெழுத்துல முழுக் கதையும் வீட்டுல இருக்காம். பெட்டியைத் திறந்தாலே பாலத்துக்காரிதானாம்.

எலி: கையெழுத்துலயா! எங்க, கொண்டு வரச் சொல்லுங்க பார்ப்போம்.

அண்ணி: கொண்டு வர்றேன்னுதான் போயிருக்கார். இப்ப வர்ற நேரம்தான்.

எலி: இப்பவா? இங்கயா?

அண்ணி: வேற எங்க?

எலி: அண்ணி, படியில யாரோ வர்றாங்க.

அண்ணி: பார்க்கலாம்.

எலி: செருப்புச் சத்தம் கேக்குது... இல்ல, மேல போயிட்டாங்க. மாடி வீட்டுக்காரர்.

அண்ணி: ஏன் இப்படிப் பதறுற? பேரன் வந்தா உனக்குச் சந்தோஷமாத்தானே இருக்கணும்? செத்த வருஷம் தேடித் தேடிக் கால் தேஞ்சவளாச்சே. அவரைக் கேட்டா தேதி, கிழமையோட சொல்லிடுவார்.

எலி: சொல்லுவான், சொல்லுவான்.

அண்ணி: மரியாதை, மரியாதை. நாப்பது வயசு ஆள்.

எலி: என்ன வேணுமாம் அவருக்கு? காசா?

அண்ணி: காசைப் பத்திப் பேசவே இல்ல. அதுதான் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. தாத்தா படம் ஒண்ணு போடணும், அவர் வாழ்க்கையைப் பத்தி நாலு வரி போடணும். அவ்வளவுதான். சந்தோஷமா கையெழுத்துப் போட்டுத் தர்றேன்னார்.

எலி: படமா? எந்த மூஞ்சியைப் போடுவாராம்?

அண்ணி: தாத்தா மூஞ்சியைத்தான். பெரிய மீசையாம்.

எலி: மீசை! அந்தக் கதையை மீசை வெச்ச ஆளா எழுதினார்? அந்தப் பொம்பளை ராத்திரி பகலா வண்டிங்களுக்குப் பாலத்துக் கதவைத் தூக்கித் தூக்கி, தோள்பட்டை வலியில ஒரு பக்கமாவே படுக்கப் பழகிட்டாளே, அது எந்த மீசைக்காவது தெரியுமா?

அண்ணி: ஏன், ஆம்பளைங்களுக்குத் தோள்பட்டை கிடையாதா?

எலி: அண்ணி, நான் அதைச் சொல்லலை...

அண்ணி: இன்னொண்ணும் சொன்னார். முடிவு தப்பா இருக்காம்.

எலி: எது தப்பு?

அண்ணி: நான் அவருக்குக் கதையைப் படிக்கக் கொடுத்தேன். படிச்சுட்டு உதட்டைப் பிதுக்கினார். ‘எங்க தாத்தா இப்படி எழுதலை. யாரோ கையை வெச்சிருக்காங்க’ன்னார்.

எலி: யார் கையை வெச்சா?

அண்ணி: நீ எழுதிக்கிட்டு வந்ததுல, கடைசியில அவ கதவைத் தூக்கி விட்டுட்டு, தானே பாலத்துல நடந்து போயிடறா. கதவு திறந்தபடியே கிடக்கு. அதோட கதை முடிஞ்சுது. பேரன் சொல்றார், தாத்தா எழுதினதுல அவ பாதிப் பாலம் வரைக்கும் போய், புருஷன் ஞாபகம் வந்து அழுதுக்கிட்டே திரும்பி வந்துடறாளாம்.

எலி: திரும்பி வர்றாளா?

அண்ணி: வந்து கதவை மூடிட்டு, விளக்கை ஏத்தறாளாம்.

எலி: அவ வரமாட்டா!

அண்ணி: எனக்கென்ன தெரியும்? தாத்தா எழுதினது.

எலி: வரமாட்டா அண்ணி. வந்தா கதையே இல்ல. ஊருல இருக்கிற வண்டி, மாடு, மனுஷன் எல்லாத்தையும் அந்தப் பக்கம் அனுப்பி வெச்சவ, ஒரு தடவை தான் போறா. அவளைப் போய் திருப்பிக் கூட்டிட்டு வந்து விளக்கேத்தச் சொல்றதுக்கு இவன் யாரு? நான் அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை...

அண்ணி: எத்தனை தடவை?

எலி: படிச்சிருக்கேன்.

அண்ணி: ம்.

எலி: என்ன ‘ம்’?

அண்ணி: ஒண்ணுமில்ல. நான் அவர்கிட்ட சரின்னுட்டேன்.

எலி: எதுக்கு?

அண்ணி: முடிவை மாத்திடறேன்னு. அவர் சொல்ற மாதிரி போட்டுக்கலாம். தாத்தா பேரு, தாத்தா படம், தாத்தா முடிவு. நமக்கு வருஷமும் கிடைச்சுடும். எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துது.

எலி: சரின்னுட்டீங்களா?

அண்ணி: பின்ன? அவங்க குடும்பத்துச் சொத்து. நாம யாரு மூக்கை நுழைக்க?

எலி: அண்ணி, போனை எடுங்க. அந்த ஆளைக் கூப்பிடுங்க. வர வேணாம்னு சொல்லுங்க.

அண்ணி: என்ன காரணம் சொல்ல?

எலி: எதையாவது சொல்லுங்க!

அண்ணி: எதையாவது சொல்ல நான் என்ன நீயா?

எலி: அது அவர் தாத்தா எழுதினது இல்ல.

அண்ணி: அப்ப யாரு எழுதினது?

எலி: நான்.

அண்ணி: சரியா விழலை.

எலி: நான்தான் அண்ணி. நான்தான் எழுதினேன். ஒற்றைக்குடையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. காதுல விழுந்துச்சா?

அண்ணி: முதல் தடவையே விழுந்துச்சு. இன்னொரு தடவை கேக்கணும்போல இருந்துச்சு.

எலி: உங்களுக்கு அதிர்ச்சியா இல்லையா?

அண்ணி: அந்தத் தண்ணியைக் குடி.

எலி: தண்ணி கிடக்கட்டும். அந்த ஆள் பச்சைப் புளுகன் அண்ணி! வரட்டும். படியேறி வரட்டும், நானே கேக்குறேன். என் கதையைத் தாத்தா கதைங்கிறான், மீசைங்கிறான், பெட்டிங்கிறான்...

அண்ணி: எந்த ஆள்?

எலி: அந்தப் பேரன்தான்!

அண்ணி: தாத்தாவே இல்லாதப்ப பேரன் எங்கேருந்து வருவான்?

எலி: ...அண்ணி.

அண்ணி: நீ ஒரு தாத்தாவைப் பண்ணே. நான் ஒரு பேரனைப் பண்ணேன். பொருத்தம் நல்லாத்தான் இருந்துச்சு.

எலி: அடப்பாவி அண்ணி! நாலு பேனா, மீசை, பெட்டி... எல்லாம் புளுகா?

அண்ணி: நாலு பேனா கொஞ்சம் அதிகமோன்னு சொல்லும்போதே தோணுச்சு.

எலி: எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?

அண்ணி: கதை கையில வந்த அன்னிக்கே. நீ கொண்டு வர்ற எல்லாக் கதையிலயும் ஓட்டை இருக்கும். ‘இங்கே பூச்சி அரித்துவிட்டது’, ‘இந்த வரி மடிப்பில் போய்விட்டது’, ‘அடுத்த பக்கம் கிடைக்கவில்லை’ன்னு ஓரத்துல எழுதி வெச்சிருப்ப. ‘பாலத்துக்காரி’யில ஒரு எழுத்துகூடப் போகலை. அட்டை போச்சு, வருஷம் போச்சு, பத்திரிகை பேரே போச்சு, கதையை மட்டும் பூச்சி தொடவே இல்லையாம். அப்படி ரசனையுள்ள பூச்சியை நான் பார்த்ததில்ல.

எலி: ஐயோ... அதை யோசிக்கவே இல்லையே.

அண்ணி: அப்புறம் உன் ஒற்றைக்குடை. பொண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல, படம் இல்ல, முன்னுரை இல்ல. இத்தனை வருஷத்துல எந்த எழுத்தாளரும் நமக்கு இவ்வளவு வசதியா செத்ததில்லடி.

எலி: சிரிக்காதீங்க. அப்பவே கேட்டிருக்கலாமே? இப்படி உயிரை உருவி எடுக்கணுமா?

அண்ணி: கேக்கலையா? வந்த வருஷம் என்னன்னு கேட்டேன், நிஜப் பேரு என்னன்னு கேட்டேன், போட்டோ எங்கன்னு கேட்டேன். ஒவ்வொண்ணும் உனக்கு நான் திறந்து விட்ட கதவு. நீதான் ஒண்ணொண்ணா சாத்திக்கிட்டே வந்த. பேரன் வராம நீ வாயைத் திறந்திருப்பியா?

எலி: மாட்டேன்.

அண்ணி: ஏன்டி? என்கிட்ட என்ன பயம்?

எலி: பயமெல்லாம் இல்ல.

அண்ணி: பின்ன?

எலி: இந்த வீட்டுல செத்தவங்களுக்குத்தானே அண்ணி மரியாதை? அவங்க எழுதினதைத்தான் தேடுறோம், தூசி தட்டுறோம், பிழை திருத்துறோம். உயிரோட இருக்கிறவ எழுதினா யாரு படிக்கிறா?

அண்ணி: நீ எப்ப கொடுத்த, நான் எப்ப படிக்கலை?

எலி: கொடுத்தேன்.

அண்ணி: எப்ப?

எலி: போன மழைக்காலத்துல. இதே மேஜையில வெச்சேன். அது மேல நீங்க பசை டப்பாவை வெச்சீங்க. ரொம்ப நாள் டப்பா அது மேலதான் இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் எடுத்துக் கையில கொடுத்து, ‘நல்லா இருக்கு, வெச்சுக்கோ’ன்னீங்க. படிச்சீங்களா?

அண்ணி: இல்ல.

எலி: அது இதே கதைதான் அண்ணி.

அண்ணி: என்னது?

எலி: ‘பாலத்துக்காரி’தான். ஒரு வரிகூட மாத்தலை. மேல இருந்த என் பேரை எடுத்துட்டு ஒற்றைக்குடைன்னு போட்டேன். ஒரே மூச்சுல படிச்சுட்டீங்க. இப்ப நீங்க ஏன் எழுந்து நடக்கிறீங்க?

அண்ணி: உக்கார முடியலை.

எலி: திட்டணும்னு சொல்லலை...

அண்ணி: திட்டு. நல்லா திட்டு. டப்பாவை எடுத்து என் தலையில கவுத்து.

எலி: விடுங்க அண்ணி. இப்ப என்ன கெட்டுப் போச்சு? படிச்சீங்க, பிடிச்சிருக்கு. அது போதும் எனக்கு. ஒற்றைக்குடைன்னே வரட்டும். ஏதாவது ஒரு வருஷத்தைப் போட்டு அனுப்பிடுங்க. செத்த ஆள் கதைன்னா நாலு பேர் நம்பிப் படிப்பாங்க.

அண்ணி: மாட்டேன்.

எலி: உங்களுக்கு என்ன நஷ்டம்?

அண்ணி: எனக்கில்ல. உனக்கு.

எலி: எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. என் பேர்ல வந்தாத்தான் நஷ்டம். பதிப்பகம் வெச்சிருக்கிற அண்ணி நாத்தனார் கதையைச் சொருகிட்டான்னு சொல்லுவாங்க. அண்ணன் கேலி பண்ணியே கொன்னுடுவார். பழைய காகிதத்துலயே கிடக்கிறேன்னு எலின்னு பேர் வெச்சவர். இப்ப எலி எழுத வேற ஆரம்பிச்சுடுச்சான்னுவார்.

அண்ணி: அதுக்காகச் செத்தவன் பேரைப் போட்டுக்குவியா? போட்டுட்டா அப்புறம் அது உன்கிட்ட திரும்பி வராதுடி. எனக்குத் தெரியும்.

எலி: உங்களுக்கு என்ன தெரியும்?

அண்ணி: நம்ம முதல் புத்தகத்துல, கடிகாரக் கடைக் கதை ஒண்ணு இருக்கே...

எலி: புருஷன் சீக்கிரம் வீட்டுக்கு வரணும்னு, கடையில இருக்கிற கடிகாரத்தையெல்லாம் ஒருத்தி கொஞ்சம் கொஞ்சமா முன்னால தள்ளி வெப்பாளே, அதுவா? எனக்கு மனப்பாடமா தெரியும். எழுதியவர் தெரியவில்லைன்னு...

அண்ணி: தெரியும்.

எலி: யாரு?

அண்ணி: யாரா இருக்கும்?

எலி: ...அண்ணி! நீங்களா?

அண்ணி: கத்தாத. மாடி வீட்டுக்காரருக்குக் கேக்கும்.

எலி: அது பாடப் புத்தகத்துல வந்துச்சே!

அண்ணி: வந்துச்சு. நாடகமா போட்டாங்க. யார் யாரோ அவங்கவங்க புத்தகத்துல எடுத்துப் போட்டாங்க. ஒருத்தர் முடிவையே மாத்திட்டார். அவளைத் திருத்தி, புருஷன்கிட்ட மன்னிப்புக் கேக்க வெச்சுட்டார். நான் யாரைப் போய்க் கேக்க? யாரு வேணாலும் எடுத்துக்கலாம்னு அச்சடிச்சுக் கொடுத்ததே நான்தான்.

எலி: இப்பச் சொல்லிடலாமே அண்ணி?

அண்ணி: சொன்னா? பெட்டியோட வந்த பேரனைப் பார்க்கிற மாதிரிதான் என்னையும் பார்ப்பாங்க. என் பொண்ணு பரீட்சையில கேள்வி வந்துச்சு, இந்தக் கதையின் வழியாக ஆசிரியர் சொல்ல வருவது என்னன்னு. நான்தான் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். தப்புன்னு சுழிச்சுக் கொடுத்துட்டாங்க.

எலி: ஐயோ அண்ணி... சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலை.

அண்ணி: எனக்கும் அன்னிக்குத் தெரியலை. போன் அடிக்குது. நீ எடு.

எலி: நானா?

அண்ணி: உன் கதை. என்ன போடணும்னு நீயே சொல்லு. எடுத்துடச் சொன்னாலும் சரி, எடுத்துடறேன். பொய்ப் பேர்ல மட்டும் விடமாட்டேன்.

எலி: ...ஹலோ.

அச்சகத்துக்காரர்: என்னம்மா ஆச்சு? பத்திரிகைக்காரன் மெஷின் பக்கத்துலயே வந்து நின்னுட்டான். வருஷம் கிடைச்சுதா?

எலி: அண்ணே... அந்தக் கடைசிக் கதையில, எழுதினவர் பேரு ஒற்றைக்குடைன்னு இருக்கில்ல?

அச்சகத்துக்காரர்: ஆமா.

எலி: அதை எடுத்துடுங்க.

அச்சகத்துக்காரர்: எடுத்துட்டு?

எலி: என் பேரைப் போடுங்க.

அச்சகத்துக்காரர்: உங்க பேரா? நீங்க எழுதுவீங்களாம்மா?

எலி: எழுதுவேன்.

அச்சகத்துக்காரர்: அப்ப ‘மறைவு’ன்னு பக்கத்துல ஒரு கட்டம் காலியா நிக்குதே, அதுல என்ன போட?

எலி: ஒண்ணும் போடாதீங்கண்ணே. கட்டத்தையே எடுத்துடுங்க.

அண்ணி: அட்டையில ‘பழைய கதைகள்’னு இருக்கு. ‘ஒரு புதிய கதையும்’னு கீழ சேர்க்கச் சொல்லு. அட்டை இன்னும் ஏறலை.

அச்சகத்துக்காரர்: கேட்டுச்சும்மா, கேட்டுச்சு. டேய், மெஷினை ஓட்டுங்கடா. வெக்கிறேன்.

எலி: அண்ணி, சொல்லிட்டேன்.

அண்ணி: இப்பவாவது உக்காரு.

எலி: அண்ணன் பார்த்தா என்ன சொல்லுவாரோ... ஏன் அண்ணி, உங்க கடிகாரக் கதை அண்ணனுக்குத் தெரியுமா?

அண்ணி: புத்தகம் வந்த அன்னிக்கு அதைத்தான் முதல்ல படிச்சார். நான் பக்கத்துலதான் இருந்தேன். படிச்சு முடிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டி, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ‘இந்த மாதிரி எழுதுறவங்கல்லாம் செத்துப் போயிட்டாங்க’ன்னார். ஆமாங்கன்னேன்.